கடை யார் பெயரில் இருக்கிறது?

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற தொழில்முனைவோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, ‘புதிய தொழிலைப் பதிவு செய்வது எப்படி’ என்பது. நான் வழக்கறிஞர் அல்ல, கணக்காளரும் அல்ல. பலதுறைத் தொழிற்கல்லூரியில் சரக்கு நிர்வாகம் படித்துவிட்டு அத்தாவின் மொத்த வியாபாரத்தில் இறங்கியவன். உணவகங்களுக்கும் காப்பிக்கடைகளுக்கும் மசாலா, எண்ணெய், அரிசி, பொட்டலப் பெட்டிகள் விநியோகம் செய்கிறோம். முப்பது நாள் தவணை. அதாவது, நான் கடன் கொடுக்கிறவன். கடன் கொடுக்கிறவனுக்கு வாடிக்கையாளரின் முகம் மட்டும் போதாது. புதுக் கடையிலிருந்து ஆர்டர் வந்தால், அக்ராவின் ‘பிஸ்ஃபைல்’ தளத்தில் 5 வெள்ளி 50 காசு கட்டி அந்தத் தொழிலின் விவரத்தாளை எடுத்துப் பார்ப்பேன். என்ன வடிவம், யார் பெயரில் இருக்கிறது, எப்போது பதிவானது என்பதெல்லாம் அதில் இருக்கும். பத்து ஆண்டுகளாக இப்படிப் பார்த்துப் பார்த்து, நம்மவர்களின் கடைகள் பதிவாகியிருக்கும் விதத்தைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டாகியிருக்கிறது. அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

பதிவு செய்யும் வேலையை முதலில் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். சிங்பாஸ் இருந்தால் போதும். பெயருக்கு விண்ணப்பிக்க 15 வெள்ளி. தனி உரிமைத் தொழிலோ பங்காளித்துவமோ என்றால் ஓராண்டுக்கு 100 வெள்ளி, மூன்றாண்டுக்கு 160 வெள்ளி. பிரைவேட் லிமிடெட் நிறுவனம் என்றால் 300 வெள்ளி. பெரும்பாலும் ஒரே நாளில், ஒரே அமர்வில் முடிந்துவிடும். பெயரில் வங்கி, நிதி, பள்ளி போன்ற சொல் இருந்தால் மட்டும் வேறு அரசாங்க அமைப்பின் சம்மதம் கேட்பார்கள்; அதற்கு 14 நாளிலிருந்து 60 நாள் வரை ஆகலாம். வங்கிக் கணக்குத் திறப்பதற்குத்தான் இதைவிட அதிக நாள் பிடிக்கும் என்பது என் அனுபவம்.

பெயரைப் பற்றி இன்னொரு வார்த்தை. அக்ராவில் ஒரு பெயரைப் பதிந்துவிட்டதால் அந்தப் பெயர் உங்கள் சொத்து ஆகிவிடாது. அதே எழுத்துகள் கொண்ட இன்னொரு பதிவை அக்ரா தடுக்கும், அவ்வளவுதான். கடையின் பெயரும் சின்னமும் உங்களுக்கு மட்டுமே உரியவை என்று சொல்ல வேண்டுமானால், அறிவுசார் சொத்து அலுவலகத்தில் வணிக முத்திரையாகத் தனியே பதிய வேண்டும். பிரியாணிக்குப் பெயர் வாங்கிய பிறகு யோசிக்காமல், பெயர்ப்பலகை அடிக்கும்போதே யோசியுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாம் பார்க்க வேண்டிய முக்கிய வடிவங்கள் நான்கு. முதலாவது தனி உரிமை: கடையும் நீங்களும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள். இரண்டாவது பங்காளித்துவம்: இரண்டு பேரிலிருந்து இருபது பேர் வரை, அங்கேயும் தொழிலுக்கென்று தனி உயிர் கிடையாது. மூன்றாவது எல்எல்பி எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய பங்காளித்துவம். நான்காவது பிரைவேட் லிமிடெட். கடைசி இரண்டிலும் தொழில் தனி ஆள். அதன் பெயரில் அது கடன் வாங்கும், சொத்து வைத்துக்கொள்ளும், வழக்குப் போடும், வழக்கைச் சந்திக்கும். உரிமையாளர் வரலாம், போகலாம், அது இருந்துகொண்டிருக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டு வருகிற தம்பிமார்கள் எல்லாரும் முதலில் கேட்பது வரியைப் பற்றித்தான். ‘பிரைவேட் லிமிடெட் போட்டால் வரி மிச்சமாமே, நானா?’ கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 80,000 வெள்ளி லாபம் வரும் சிறிய கடை. தனி உரிமை என்றால், எந்தக் கழிவும் சேர்க்காமல், தனிநபர் வருமான வரி 3,350 வெள்ளி. அதே லாபம் ஒரு புதிய நிறுவனத்துக்கு வந்தால், முதல் மூன்று ஆண்டுச் சலுகையில் முதல் ஒரு லட்சத்தில் 75 விழுக்காட்டுக்கு விலக்கு. மிச்சம் 20,000 வெள்ளிக்கு 17 விழுக்காடு. வரி 3,400 வெள்ளி. அதாவது ஐம்பது வெள்ளி கூடுதல்! நான்காம் ஆண்டில் புது நிறுவனச் சலுகை போய்ப் பொதுச் சலுகை மட்டும் நிற்கும்போது அதே லாபத்துக்கு 6,375 வெள்ளி. அதற்குமேல் நிறுவனச் செயலாளருக்குச் சம்பளம், கணக்கு எழுதுபவருக்குக் கட்டணம், ஆண்டறிக்கைக்கு 60 வெள்ளி. லாபம் இரண்டு லட்சம் என்றால் நிலவரம் மாறும்: தனிநபருக்கு 21,150 வெள்ளி, புது நிறுவனத்துக்கு 12,750 வெள்ளி. இயக்குநர் என்ற முறையில் நீங்கள் சம்பளம் எடுத்தால் அது நிறுவனத்தின் செலவாகக் கழியும். உங்கள் கையில் அதற்கு வரியும் மத்திய சேமநிதியும் உண்டு. ஆக, பெரும் லாபம் வரும்வரை வரி ஒரு காரணமே அல்ல. வரிக்காக மட்டும் பிரைவேட் லிமிடெட் போடச் சொல்கிறவர், அதைப் போட்டுக்கொடுத்துக் கட்டணம் வாங்குகிறவராக இருக்கிறாரா என்று பாருங்கள்.

ஜிஎஸ்டியும் அப்படித்தான். ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால் எந்த வடிவமானாலும் பதிந்தாக வேண்டும்.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? நான் மூன்று கேள்விகள் கேட்பேன். கடை நொடித்தால் கடன் யார் தலையில்? கூட்டாளியோடு ஒத்துவராவிட்டால் எது யாருடையது? நாளைக் காலையில் நீங்கள் மவுத்தாகிவிட்டால் கடையைத் திறக்கும் உரிமை யாருக்கு? மூன்றாவது கேள்வியைக் கேட்டால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். தொழில் தொடங்குகிற நல்ல நேரத்தில் இதைப் பேச வேண்டுமா என்கிறார்கள். நாம் மவுத்தை மறந்து வாழ்கிற சமூகம் அல்லவே. கடையில் மட்டும் ஏன் மறக்கிறோம்?

எனக்குத் தெரிந்த ஒரு கடையைப் பற்றிச் சொல்கிறேன். ஊர், பெயர், இடம் எதுவும் வேண்டாம். ஒரு காப்பிக்கடையில் இரண்டு பேர் சேர்ந்து நாசி பிரியாணிக் கடை போட்டார்கள். இருவரும் தலைக்கு அறுபதாயிரம் வெள்ளி முதல். ஒருவர் அப்போது வேறோரிடத்தில் மாதச் சம்பளத்தில் இருந்தார். வெளியே தொழில் செய்வது முதலாளிக்குத் தெரிய வேண்டாம் என்று, கடையை மற்றவர் பெயரில் தனி உரிமையாகப் பதிந்தார்கள். “பேப்பர்ல யார் பேர் இருந்தா என்ன மாமா, நமக்குள்ளதானே” என்பதுதான் அன்று அவர்களுக்குள் நடந்த ஒப்பந்தம். சம்பளக்காரர் பிறகு வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகக் கடைக்கு வந்தார். பெயரை மாற்ற நேரம் வரவில்லை. ஒன்பது வருடம் கடை நன்றாக ஓடியது. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துப் பாதிப்பாதி பிரித்துக்கொண்டார்கள். ஒரு காசுக்குச் சச்சரவு இல்லை.

பெயர் போட்டிருந்தவர் ஒரு நாள் சுபுஹுக்குப் பிறகு மாரடைப்பில் காலமானார்.

வங்கிக்குத் தகவல் போனதும் கடையின் கணக்கு முடங்கியது, அது அவருடைய கணக்கு என்பதால். உணவுக்கடை உரிமம் அவர் பெயரில். கடை வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில். இரண்டு ஊழியர்களின் வேலை அனுமதி அவருடைய தொழிலின் பதிவெண்ணில். சட்டப்படி, தனி உரிமைத் தொழில் என்பது உரிமையாளர் இறந்த அன்றே முடிந்துபோகிற ஒன்று. மிஞ்சியவை அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும் வைப்புத்தொகையும் வரவேண்டிய பணமும் கொடுக்கவேண்டிய பணமும். அவை மய்யித்தின் சொத்துகள். நமக்குச் சிங்கப்பூர்ச் சட்டமே ஃபராயிள்படி பங்கிடச் சொல்கிறது. ஷரியா நீதிமன்றத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அதன்பிறகு குடும்ப நீதிமன்றத்தில் சொத்தை நிர்வகிக்கும் அனுமதி வாங்க வேண்டும்.

அவருக்கு மனைவி, இரண்டு பெண் மக்கள். ஆண் பிள்ளை இல்லை. பெற்றோர் முன்பே போய்விட்டார்கள். ஊரில் ஒரு தம்பி. ஃபராயிள் தெரிந்தவர்களுக்கு இப்போதே கணக்கு ஓடியிருக்கும்: சொத்தை இருபத்துநான்கு பாகமாக்கினால் மனைவிக்கு மூன்று, இரண்டு பெண்களுக்கும் சேர்த்துப் பதினாறு, மிச்சம் ஐந்து ஊரில் இருக்கும் தம்பிக்கு. கடையைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் சட்டப்படி அதன் வாரிசுகளில் ஒருவராக வந்துவிட்டார். ஒன்பது வருடம் அடுப்படியில் நின்ற கூட்டாளி அந்தப் பட்டியலிலேயே இல்லை.

அவருக்கு உரிமை இல்லை என்று சொல்ல மாட்டேன். வாய்மொழிக் கூட்டும் சட்டத்தில் கூட்டுதான். கடன்களைத் தீர்த்த பிறகுதான் வாரிசுகளுக்குப் பங்கு என்பது மார்க்கத்திலும் உண்டு. ஆனால் நிரூபிக்க வேண்டும். அவரிடம் இருந்தது ஒரு நீள நோட்டுப் புத்தகம். மாதாமாதம் எடுத்த பணம் அதில் குறித்திருந்தது. அந்த அம்மா நேர்மையானவர். ‘பாதி அவங்களுடையதுதான், எனக்குத் தெரியும்’ என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஆனால் அவர் பங்குக்குத்தான் அவர் பேச முடியும். பிள்ளைகளில் ஒருத்தி பள்ளிக்கூடத்தில் படிக்கிற வயது. அவள் பங்கை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது. ஊரில் இருந்த தம்பி, ‘எழுத்தில் காட்டுங்கள்’ என்றார். அவர் கேட்டதில் தவறும் இல்லை. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி எட்டு மாதத்தில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கடை அதற்கு முன்பே, மூன்றாம் மாதத்திலேயே மூடியாகிவிட்டது. காப்பிக்கடைக்காரர் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். பிரித்துக்கொள்ள ஆள்கள் ஒத்துக்கொண்டபோது பிரிக்க மிஞ்சியது பழைய பாத்திரமும் வைப்புத்தொகையும்தான். எனக்கு வரவேண்டிய இரண்டு விநியோகப் பணத்தைக் கடைசியில் அந்தக் கூட்டாளி தன் கைப்பணத்திலிருந்து கொடுத்தார். சட்டப்படி அவர் கொடுக்க வேண்டியதில்லை என்று சொன்னேன். வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதே இருவரும் பங்காளித்துவமாகப் பதிந்திருந்தால்? நூற்றுப் பதினைந்து வெள்ளிச் செலவு. ஒருவர் இறந்ததும், வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், பங்காளித்துவமும் கலைந்துதான் போகும். ஆனால் பாதி யாருடையது என்ற கேள்வியே எழுந்திருக்காது. எல்எல்பியாக இருந்திருந்தால் தொழில் தொடர்ந்திருக்கும். கணக்கும் ஒப்பந்தமும் எல்எல்பியின் பெயரில் நின்றிருக்கும். பிரைவேட் லிமிடெட்டாக இருந்து இருவரும் இயக்குநர்களாக இருந்திருந்தால், மறுநாள் காலையில் மற்றவர் கையெழுத்தில் ஊழியர் சம்பளம் போயிருக்கும். வாரிசுகளுக்குப் போவது பங்குகள் மட்டும். நிறுவனம் போட்டால் ஃபராயிள் இல்லாமல் போகாது. அப்படி நினைத்து யாரும் போட வேண்டாம். இருபத்துநான்கில் மூன்றும் பதினாறும் ஐந்தும் அப்போதும் அதேதான். ஆனால் பங்கிடப்படுவது ஓடுகிற கடையின் பங்கு. அடுப்பையும் அண்டாவையும் பங்கிட வேண்டியதில்லை.

பங்காளித்துவத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்களுக்கு மிகவும் பழக்கப்பட்ட முறை அதுதான். தெலுக் ஆயர் பக்கம் சூலியாக்கள் வந்து இறங்கி, 1826இல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை எழுப்பிய காலத்திலிருந்து நம் வியாபாரம் கூட்டு வியாபாரம். ஒருவர் முதல் போடுவார், ஒருவர் உழைப்பார். ஒருவர் ஊருக்குப் போவார், ஒருவர் கடையில் இருப்பார். திரும்பி வந்ததும் முறை மாறும். எழுத்து குறைவுதான். ஆனால் கூட்டாளிகள் ஒரே ஊர், ஒரே தெரு, பல சமயம் ஒரே குடும்பம். வாக்குத் தவறினால் ஜமாஅத்தில் தலைகாட்ட முடியாது. அதுவே அந்தக் காலத்துப் பத்திரம். இன்று நம் பிள்ளைகள் கூட்டாளியைத் தேடிக்கொள்வது தேசிய சேவையில், தொழிற்கல்லூரியில், காற்பந்துத் திடலில். நல்ல விஷயம்தான். ஆனால் தகராறு வந்தால் கூப்பிட்டு உட்கார வைக்க ஒரு பொதுப் பெரியவர் இல்லை.

தமிழில் பங்காளி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வியாபாரத்தில் கூட நிற்பவரும் பங்காளி. சொத்துத் தகராறில் எதிரே நிற்பவரும் பங்காளி. நம் முன்னோர்கள் தெரியாமலா வைத்தார்கள்?

நாம் பேசிக்கொள்கிற கூட்டுக்கும் சட்டம் புரிந்துகொள்கிற கூட்டுக்கும் ஓர் இடைவெளி இருக்கிறது. முளாரபா முறையில், முதல் போட்டவருக்கு நட்டம் வந்தால் அவர் பணம் போகும். உழைத்தவருக்கு உழைப்புப் போகும். நியாயமான ஏற்பாடு. ஆனால் சிங்கப்பூரில் இன்றும் நடப்பில் உள்ள பங்காளித்துவச் சட்டம் 1890ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம். நீங்கள் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை, லாபமும் சமம், நட்டமும் சமம் என்று அது எடுத்துக்கொள்ளும். நீங்கள் எண்பதாயிரம் போட்டிருந்தாலும் அவர் இருபதாயிரம் போட்டிருந்தாலும் சமம்தான். உழைக்கிற பங்காளிக்குத் தனிச் சம்பளம் கேட்கும் உரிமை கிடையாது. காலக்கெடு வைக்காத கூட்டை யார் வேண்டுமானாலும் ஓர் அறிவிப்புக் கொடுத்து முடித்துவிடலாம். வெளியாருக்குக் கொடுக்க வேண்டிய கடனுக்கோ, ஒவ்வொரு பங்காளியும் முழுத்தொகைக்கும் பொறுப்பு. உங்கள் கூட்டாளி கடையின் பெயரில் ஐம்பதாயிரத்துக்குச் சரக்கு எடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டால், என்னைப் போன்ற கடன்காரன் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவான். ‘என் பங்கு பாதிதான்’ என்று எனக்குப் பதில் சொல்ல முடியாது.

எழுதி வைத்தால் உங்களுக்குள் உள்ளது எல்லாம் மாற்றிக்கொள்ளலாம். கடன்காரனிடம் உள்ள பொறுப்பை மட்டும் மாற்ற முடியாது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று இங்கிருக்கும் ஆலிம்களைக் கேளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது. நம்பிக்கை இல்லாதவன்தான் எழுதக் கேட்பான் என்கிற பேச்சு நமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

இரண்டு பேர் சேர்ந்து செய்கிற சிறு தொழிலுக்கு நம்மவர்கள் கவனிக்காமல் விடுகிற வடிவம் எல்எல்பி. பதிவுக் கட்டணம் பங்காளித்துவத்தைப் போலத்தான். நிறுவனச் செயலாளர் வேண்டாம். கணக்காய்வு வேண்டாம். ஆண்டுக்கொரு முறை, கடனைத் தீர்க்கும் நிலையில் இருக்கிறோம் என்று மேலாளர் உறுதிமொழி தாக்கல் செய்ய வேண்டும். லாபத்துக்கு வரி அவரவர் கையில். ஒரு பங்காளி செய்த தவறுக்கு மற்றவர் சொந்தச் சொத்திலிருந்து பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மூன்றாவது ஆள் முதல் போட வருகிறார், நாளை ஐந்து கிளை என்று கனவு இருக்கிறது என்றால் பிரைவேட் லிமிடெட்தான் சரி. பங்குகளைப் பிரிப்பதும் விற்பதும் அதில்தான் சுலபம்.

பிரைவேட் லிமிடெட் போட்டால் வீட்டுக்கு ஆபத்து இல்லை என்று சொல்வார்கள். பாதி உண்மை. வங்கிக் கடனுக்குப் போனால் இயக்குநரின் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்பார்கள். கடை வாடகைக்கும் பலர் கேட்கிறார்கள். கையெழுத்துப் போட்ட அளவுக்கு அந்தச் சுவரில் ஓட்டை விழுந்தது என்று அர்த்தம். போடாதே என்று சொல்லவில்லை. எத்தனை கையெழுத்துப் போட்டோம் என்பதை எழுதி வைத்து, வீட்டில் உள்ளவர்களுக்கும் காட்டுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவரின் வீவக வீட்டையும் சேமநிதிப் பணத்தையும் சாதாரணக் கடன்காரர்கள் தொட முடியாது என்பது ஓர் ஆறுதல். ஆனால் 15,000 வெள்ளிக் கடனுக்கே ஒருவரை நொடித்துப்போனவராக அறிவிக்கக் கேட்டு நீதிமன்றம் போகலாம். அப்படி அறிவிக்கப்பட்டவர் உம்ராவுக்குப் போவதற்கும் அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும்.

இருவர் சேர்ந்து நிறுவனம் போடும்போது பங்குதாரர் ஒப்பந்தம் ஒன்று எழுதுங்கள். அதில் ஒரு பிரிவு கட்டாயம் வேண்டும்: ஒருவர் இறந்தால், அல்லது விலகினால், அவருடைய பங்கை மற்றவர் என்ன கணக்கில், எத்தனை மாதத்தில் வாங்கிக்கொள்வார் என்பது. மய்யித்தின் மனைவிக்குப் பணம் கிடைக்கும். அவருக்குத் தெரியாத தொழிலில் உட்கார வேண்டிய கட்டாயம் இருக்காது. இருக்கிற கூட்டாளிக்குக் கடை கிடைக்கும். அவருக்குத் தெரியாத வாரிசுகளோடு நடத்த வேண்டியதில்லை. ஃபராயிளோடு இது எப்படிப் பொருந்தும் என்பதை ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் சேர்த்துக் கேளுங்கள். ஒருவரை மட்டும் கேட்டால் போதாது. சரிபாதிப் பங்கு என்றால் இருவரும் முரண்படும்போது யார் சொல் நிற்கும் என்பதையும் அதிலேயே முடிவு செய்யுங்கள். தனியாளாக நிறுவனம் நடத்துபவர்கள், நம்பிக்கையான இன்னொருவரை இயக்குநராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே இயக்குநர் இறந்தால் கையெழுத்துப் போட ஆளில்லாமல் நிறுவனமும் நின்றுபோகும்.

அடுத்து, பெயர் கொடுக்கிற பழக்கம். நிறுவனத்துக்கு இங்கு வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது சட்டம். ஊரிலிருந்து மச்சான் வருகிறார், முதல் இருக்கிறது, ‘சும்மா பேருக்கு டைரக்டரா இருங்க, ஒரு வேலையும் இல்ல’ என்கிறார். சும்மா இருக்கும் இயக்குநர் என்று சட்டத்தில் ஒருவர் கிடையாது. கணக்கு முடிந்து ஏழு மாதத்துக்குள் ஆண்டறிக்கை போகவில்லை என்றால் தாமதக் கட்டணம் 300 வெள்ளி, மூன்று மாதத்துக்கு மேல் போனால் 600 வெள்ளி. அதற்கும் மேலே நீதிமன்ற அழைப்பாணை வந்தால் அது உங்கள் பெயருக்குத்தான் வரும். 2017ஆம் ஆண்டிலிருந்து, நிறுவனத்தை உண்மையில் ஆட்டிவைப்பவர் யார் என்ற பதிவேட்டையும் வைத்திருக்க வேண்டும். அந்த மச்சானும் மறைந்து நிற்க முடியாது. வேலை அனுமதியில் இருக்கும் ஒருவருக்காகக் கடையை உங்கள் பெயரில் எடுத்துக்கொடுப்பது இன்னும் மோசம். அவர் வேலையும் போகும், உங்களுக்கும் வழக்கு வரும். அவர் போட்ட முதல் காகிதத்தில் உங்களுடையது; உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் உங்கள் பிள்ளைகளுடையது. அடுத்தவர் ஹக்கை உங்கள் மய்யித்தோடு கட்டி அனுப்புகிற வேலை அது.

ஏற்கெனவே தனி உரிமையாக நடத்திக்கொண்டிருக்கும் பெரியவர்கள், ‘இப்ப மாத்த முடியுமா தம்பி’ என்று கேட்பார்கள். முடியும். ஆனால் ஒரு பொத்தானை அழுத்தி மாற்றுவது அல்ல. புது நிறுவனம் அமைத்து, பழையதை மூட வேண்டும். பதிவெண் மாறும். உணவுக்கடை உரிமம், வாடகை ஒப்பந்தம், ஊழியர் அனுமதி, ஹலால் சான்றிதழ், வங்கிக் கணக்கு எல்லாம் ஒவ்வொன்றாகப் புதுப் பெயருக்கு வர வேண்டும். இரண்டு ஊழியர் இருக்கும்போது இது ஒரு மாத வேலை. இருபது ஊழியரும் மூன்று கிளையும் ஆனபிறகு ஒரு வருட வேலை. எங்கள் அத்தா தனி உரிமையை நிறுவனமாக மாற்றியபோது நான் கல்லூரியில் இருந்தேன். பாரங்களை நிரப்பிக் கொடுத்தது நான்தான். பழைய பெயருக்கு வந்த காசோலைகளைத் திருப்பி அனுப்பி மாற்றி வாங்குவதற்கே பாதி நாள் போனது.

தாய்மார்களுக்கும் ஒன்று. வீட்டிலிருந்து பலகாரம், பிரியாணி செய்து விற்பவர்கள் இந்த மண்டபத்திலேயே பலர் இருக்கிறீர்கள். அடையாள அட்டையில் உள்ள உங்கள் முழுப்பெயரிலேயே விற்றால் அக்ராவில் பதியத் தேவையில்லை. ‘லாத்தா கிச்சன்’ என்று ஒரு பெயர் வைத்த உடனே பதிந்தாக வேண்டும். கணவர் பெயரில் பதியாதீர்கள். உழைப்பு உங்களுடையது, பெயரும் உங்களுடையதாக இருக்கட்டும். ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கட்ட வேண்டும். அதில் பாக்கி இருந்தால் தொழில் பதிவைப் புதுப்பிக்க விடமாட்டார்கள். ஆண்டுப் புதுப்பிப்பு 30 வெள்ளிதான், ஆனால் இந்த ஒரு காரணத்தால் காலாவதி ஆன பதிவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காலாவதியான கடைக்கு என்னைப் போன்றவர்கள் தவணையில் சரக்கு இறக்க மாட்டார்கள்.

மஃரிபுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். கைப்பேசியில் சிங்பாஸ் வைத்திருப்பவர்கள், பின்வரிசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் இளையர் பிரிவுப் பிள்ளைகளிடம் போனால், உங்கள் கடை இப்போது யார் பெயரில், எந்தத் தேதிவரை இருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்வார்கள். கூட்டாளியோடு வந்தவர்கள் இருவரும் சேர்ந்தே போங்கள். மற்றவர்கள் இங்கேயே கேள்வி கேட்கலாம். வஸ்ஸலாம்.